க்ரூகரில் புல் அளப்பவர்கள்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் விடிந்ததும் வாயிற்கதவு திறக்கும். வரிசையில் காத்திருந்த சுற்றுலா வண்டிகள் சிங்கத்தைத் தேடிக் கிளம்பும். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என ஐந்தையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்பது அந்த வண்டிகளில் இருப்பவர்களின் கணக்கு. அதே சாலையோரம் இன்னொரு வண்டி நிற்கும். முதலில் துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர் இறங்குவார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கையசைப்பார். பிறகு இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள் நோட்டும் அளவுநாடாவுமாக இறங்கி, ஒருவர் பின் ஒருவராகப் புதருக்குள் நடப்பார்கள். அவர்கள் தேடி வந்தது புல்லை.

நடுவில் ஓட்டை போட்ட ஓர் அலுமினியத் தட்டு. அந்த ஓட்டையில் செருகிய, சென்டிமீட்டர் குறித்த ஒரு கம்பி. கம்பியைத் தரையில் ஊன்றித் தட்டை மேலிருந்து விட்டால் அது புல்லின் மேல் போய் உட்காரும். எந்த உயரத்தில் உட்கார்ந்தது என்று ஒருவர் படிக்க, இன்னொருவர் எழுதிக்கொள்வார். இரண்டடி தள்ளி மறுபடியும் அதே வேலை. அந்த உயரங்களின் சராசரியை வைத்து ஒரு ஹெக்டேரில் எத்தனை கிலோ புல் நிற்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். தீப்பிடித்தால் எவ்வளவு உக்கிரமாக எரியும் என்பதையும் அதிலிருந்தே ஊகிக்கலாம். வெயில் ஏற ஏற மண்டை பிளக்கும். காலில் உண்ணி ஏறும். பக்கத்துப் புதரில் யானை கிளை முறிக்கும் சத்தம் கேட்டால் காவலர் கையை உயர்த்துவார். எல்லோரும் வந்த வழியே ஓசைப்படாமல் திரும்ப வேண்டும். அன்றைய அளவு அதோடு சரி.

வெளிநாட்டில் ஒரு பருவம் தங்கிப் படிக்கும் உயிரியல் களப்பள்ளிகளின் விளம்பரங்களில் எப்போதும் ஓர் ஒட்டகச்சிவிங்கிதான் நிற்கும், அந்தி வானத்தின் முன்னால். அதைப் பார்த்து வருகிற பிள்ளைகளில் பலர் முதல் வாரம் முழுக்க கேமராவைக் கீழே வைப்பதில்லை. அதிலொன்றும் தப்பில்லை. ஆனால் தென்னாப்பிரிக்கக் களப்பள்ளியின் உண்மையான சரக்கு வேறு. ‘இயற்கை’ என்று வியந்து பார்க்கிற அந்தக் காட்சியில் எத்தனை மனிதக் கைகள் வேலை செய்திருக்கின்றன என்று அது ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

ஓ.டி.எஸ். என்று அழைக்கப்படும் வெப்பமண்டல ஆய்வு அமைப்பு இந்தத் துறையில் மூத்தது. 1963-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவும் கோஸ்டா ரிக்கா பல்கலைக்கழகமும் கைகோத்து அதைத் தொடங்கின. புத்தகத்தில் படித்த சூழலியலை மழைக்காட்டுக்குள் கொண்டுபோய்ச் சோதிப்பதுதான் அதன் பாணி. பின்னாளில் அதே பாணியை ஆப்பிரிக்கச் சவன்னாவுக்கும் கொண்டுவந்தது. இங்கே அதற்குத் தளம் ஸ்குகுசா. க்ரூகரின் நிர்வாகத் தலைமையிடம் இது. விமான நிலையம் உண்டு. வேலி போடாத ஒன்பது குழி கோல்ஃப் மைதானமும் உண்டு. காட்டுப்பன்றியும் இம்பாலா மான்களும் குறுக்கே போனால் ஆட்டக்காரர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

அமெரிக்க மாணவர்களும் தென்னாப்பிரிக்க மாணவர்களும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். பாடம் நடக்கும் விதம் கொஞ்சம் முரட்டுத்தனமானது. காலையில் ஆசிரியர் ஒரு இடத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்துவார். “என்ன தெரிகிறது?” என்பார். பிள்ளைகள் சொல்வதிலிருந்து அளந்து பார்க்கக்கூடிய ஒரே ஒரு கேள்வியைத் தேற்றி எடுக்க வேண்டும். பகல் முழுக்க அளவெடுப்பு. இரவில் மடிக்கணினியில் புள்ளியியல். மறுநாள் எல்லோர் முன்னாலும் ஏறி நின்று முடிவைச் சொல்ல வேண்டும். அங்கேதான் அடி விழும்.

பெரும்பாலும் விழுவது ஒரே அடிதான். எரிந்த நிலத்தில் நூறு செடி, எரியாத நிலத்தில் நூறு செடி அளந்தோம், வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது என்று மாணவர் பெருமையோடு வரைபடம் காட்டுவார். எரிந்த நிலங்கள் எத்தனை என்று ஆசிரியர் கேட்பார். ஒன்று. அப்படியானால் உன் கையில் இருப்பது நூறு சான்றா, ஒரு சான்றா? 1984-ல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் இந்தத் தவறுக்குப் பெயர் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். தேர்ந்த ஆய்வாளர்களே அதில் ஏராளமாக மாட்டிக்கொண்டார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதமாக இருக்கலாம். ஒரே பானைச் சோற்றை நூறு முறை ருசித்துவிட்டு ஊர்ச் சமையலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த நிலம் எரிந்ததால் மாறியதா, அல்லது முன்பே பள்ளத்தில் இருந்ததாலா, களிமண் கூடுதலாக இருந்ததாலா? ஒரே நிலத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்லவே முடியாது.

பல நிலங்கள் வேண்டும், பல ஆண்டுகளும் வேண்டும். க்ரூகரில் அவை இருக்கின்றன என்பதே இங்கே பள்ளி நடத்துவதன் பெரிய வசதி. 1954-ல் பூங்கா நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. பிரிட்டோரியஸ்கோப், ஸ்குகுசா, சடாரா, மோப்பானி என்று மழையும் மண்ணும் வேறுபடும் நான்கு பகுதிகளில், ஏறக்குறைய ஏழு ஹெக்டேர் அளவிலான பாத்திகளைப் பிரித்தது. ஒன்றை ஆண்டுதோறும் ஆகஸ்டில் எரிப்பது, இன்னொன்றை இரண்டாண்டுக்கொரு முறை, மற்றொன்றை மூன்றாண்டுக்கொரு முறை எரிப்பது, அதிலும் சிலவற்றை வறட்சியில், சிலவற்றை மழைக்காலத்தில் எரிப்பது, சிலவற்றை எரிக்காமலே விடுவது என்று அட்டவணை போட்டது. அட்டவணை போட்டவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள், நிறவெறி ஆட்சி போனது, நாட்டின் கொடி மாறியது. எரிப்பு மட்டும் நிற்கவில்லை. உலகில் இவ்வளவு காலம் நடக்கும் தீச்சோதனைகள் அரிது.

நாற்பதாண்டுத் தரவை அலசியவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அடிக்கடி எரித்த பாத்திகளில் மரங்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. குறைந்தது உயரமும் பருமனும். தீ மேல்தண்டைக் கொல்கிறது, வேர் பிழைத்துக்கொண்டு மறுபடி துளிர்க்கிறது. தலை தீ எட்டும் உயரத்தைத் தாண்டுவதற்குள் அடுத்த தீ வந்துவிடுகிறது. மாணவர் முழங்காலளவு செடி என்று நினைத்து மிதிக்கப் போவது அவருடைய அப்பாவின் வயதுள்ள மரமாக இருக்கலாம். தீ தப்பி ஒரு நாலைந்து ஆண்டு கிடைத்தால் விறுவிறுவென்று மேலே போய்விடும்.

அப்படித் துளிர்த்துத் துளிர்த்து அடர்ந்து, கால்நடைக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் ஒரு முட்செடி அங்கே உண்டு. மேல்பாதி ஊதாவும் கீழ்ப்பாதி மஞ்சளுமாக இரட்டை நிறப் பூங்கொத்து தொங்கும். நம் கரிசல் காட்டில் விடத்தேரை என்போமே, அதே இனம்தான். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இயல்பாகவே வளர்கிறது.

இந்தப் பாத்திகளை மாணவர்கள் குறைசொல்லவும் கற்றுக்கொள்கிறார்கள். அதுவும் பாடத்தில் ஒரு பகுதி. ஏழு ஹெக்டேர் என்பது சவன்னாவில் ஒரு துண்டு. சுற்றியுள்ள காடு காய்ந்து கிடக்கும்போது எரித்த பாத்தியில் மட்டும் பசும்புல் துளிர்க்கிறது. வேலி இல்லாததால் வரிக்குதிரையும் வில்டபீஸ்டும் அங்கேயே வந்து மேய்கின்றன. அப்படியென்றால் நாம் அளப்பது தீயின் விளைவையா, மேய்ச்சலின் விளைவையா? 1954-ல் திட்டமிட்டவர்களுக்கு இது தோன்றவில்லை. எழுபதாண்டுச் சோதனையின் ஓட்டையை இருபது வயதுப் பெண் சுட்டிக்காட்டலாம் என்பது எந்த வகுப்பறையிலும் எளிதில் கிடைக்காத அனுபவம்.

தீயைவிட எனக்கு மனதில் தைப்பது தண்ணீர்க் கதை. ரோன் என்றொரு பெரிய மானினம். குதிரை உயரம், முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாக முகமூடி போட்டாற்போல் இருக்கும். க்ரூகரின் வறண்ட வடபகுதிப் புல்வெளிகளில் உயரமான புல்லை நம்பி வாழ்வது. தண்ணீர் குறைவான பகுதி என்பதால் மற்ற விலங்குகளின் கூட்டம் அங்கே அதிகம் வராது. அதுதான் ரோனுக்குப் பாதுகாப்பு. இது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வறட்சியில் விலங்குகள் சாகின்றனவே என்று 1930-கள் தொடங்கிப் பூங்கா ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டே போனது. எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. காற்றாலை சுற்றியது, தொட்டி நிரம்பியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. வடக்கே தண்ணீர் கிடைத்ததும் வரிக்குதிரைகள் வந்தன. வரிக்குதிரைகள் புல்லைத் தரையோடு மேய்ந்தன. அவற்றின் பின்னாலேயே சிங்கங்கள் வந்தன. சிங்கத்துக்கு வரிக்குதிரையும் ஒன்றுதான், ரோனும் ஒன்றுதான். இடையில் கடும் வறட்சியும் சேர்ந்துகொண்டது. 1986-ல் நானூற்றைம்பதை ஒட்டி இருந்த ரோன்கள் 1993-ல் நாற்பத்தைந்தை ஒட்டி வந்துவிட்டன. பிறகுதான் கிணறுகளை மூடத் தொடங்கினார்கள். பாதிக்கும் மேல் மூடியாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டி மூடினால் சுற்றுலாப் பயணிகள் சண்டைக்கு வருகிறார்கள். தொட்டியோரம் நின்றால்தானே படம் கிடைக்கும்! தாகத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர்களைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. அந்தப் புல்வெளியில் நிற்கும் மாணவருக்கு, கருணையின் பேரில் செய்த ஒரு காரியம் எந்தெந்த வழியாகச் சுற்றிப் போய் யார் தலையில் விழுகிறது என்பதைப் படிப்படியாகக் காட்ட முடிகிறது.

யானைக் கதை பலருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1967 முதல் 1994 வரை க்ரூகர் நிர்வாகம் யானைகளைச் சுட்டு எண்ணிக்கையை 7,000-ஐ ஒட்டி வைத்திருந்தது. உலக எதிர்ப்பால் நிறுத்தியது. இன்று அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருக்கின்றன. பெரிய மரங்கள் விழுவது யானையாலா, தீயாலா, இரண்டும் சேர்ந்தா? இதைப் பிரித்தறிய ஸபி ஆற்றங்கரையில் இங்குலு என்ற இடத்தில், 2000-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் கரையைத் துடைத்துவிட்டுப் போன பிறகு, வேலி போட்டார்கள். ஒரு பகுதிக்குள் முயலைவிடப் பெரிய எந்த விலங்கும் நுழைய முடியாது. அடுத்ததில் கம்பி உயரத்தில் மட்டும் ஓடுகிறது. மான் குனிந்து போய்விடும், யானையும் ஒட்டகச்சிவிங்கியும் தடுக்கப்படும். மூன்றாவது திறந்த வெளி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால், முழு வேலிக்குள் இருக்கும் அடர்த்தியைக் கண்டு மாணவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். எது ‘இயல்பான’ காடு என்று அப்போது கேட்டால் யாரும் சட்டென்று பதில் சொல்வதில்லை.

சப்பாத்திக்கள்ளி இன்னொரு பாடம். ஐம்பதுகளில் ஸ்குகுசா ஊழியர் குடியிருப்புத் தோட்டங்களில் அழகுக்கு நட்ட அமெரிக்கக் கள்ளி, பழம் தின்ற பபூன் குரங்குகளும் யானைகளும் பரப்ப, பல்லாயிரம் ஹெக்டேர் பரவியது. மருந்தடித்துப் பார்த்துத் தோற்றார்கள். தொண்ணூறுகளில் வெற்றி கொடுத்தது கொச்சினீல் என்ற சின்னப் பூச்சி. அதிலும் முதலில் விட்ட வகை இந்தக் கள்ளியில் ஒட்டவில்லை. அதே பூச்சியில் இந்தக் கள்ளிக்கேற்ற வகையைத் தேடிக் கொண்டுவந்த பிறகுதான் கள்ளி சரிந்தது. இதற்கு நம் பக்கம் ஒரு முன்கதை உண்டு. 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து தென்னிந்தியச் சப்பாத்திக்கள்ளிக் காடுகளை வீழ்த்தியதும் இதே இனப் பூச்சிதான்.

எல்லாப் பாடமும் இப்படிக் கனமானதில்லை. யானைச் சாணத்தின் முன்னால் மண்டியிட்டு உட்காருவது மாதிரி உற்சாகமான வகுப்பு கிடையாது. மழைக்குப் பின் ஒரு புதுச் சாணக் குவியலில் ஆயிரக்கணக்கான சாணி வண்டுகள் வந்து இறங்கும். சில அங்கேயே குடியேறும், சில அடியில் குழி தோண்டும், சில உருண்டை பிடித்து உருட்டிக்கொண்டு ஓடும். உருட்டும் வண்டு பின்னங்காலால் தள்ளிக்கொண்டு பின்பக்கமாகப் போகும். ஆனாலும் கோடு போட்டாற்போல் நேராகப் போகும். எப்படி? தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் பர்னும் சுவீடனின் மாரி டாக்கேயும் சில வண்டுகளின் தலையில் குட்டி அட்டைத் தொப்பி மாட்டிப் பார்த்தார்கள். வானம் மறைந்ததும் வண்டு தடுமாறியது. வண்டுகளை ஜோகன்னஸ்பர்க் கோளரங்கத்துக்குள் கொண்டுபோய், நட்சத்திரங்களை ஏற்றியும் அணைத்தும் சோதித்தார்கள். நிலவில்லாத இரவில் வண்டுக்குப் பால்வீதிதான் வழிகாட்டி என்று 2013-ல் நிரூபித்தார்கள். சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் அதே ஆண்டு கிடைத்தது. பெரிய கருவி எதுவுமின்றி, ஒரு அட்டைத் துண்டை வைத்துக்கொண்டு ஒரு நல்ல கேள்வியைக் கேட்கலாம் என்று மாணவருக்குச் சொல்ல இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் இப்படிப்பட்ட களங்கள் இன்னும் பல. நமீபியப் பாலைவனத்தில் 1962 முதல் இயங்கும் கோபாபெப் ஆய்வு நிலையத்தில், விடியலில் மணல்மேட்டு உச்சியில் தலைகீழாக நின்று முதுகில் படியும் மூடுபனியை வாய்க்கு வழியவிட்டுக் குடிக்கும் வண்டைப் பார்க்கலாம். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ வடிநிலத்துக்கு அங்கோலா மலையில் பெய்த மழை மாதக்கணக்கில் பயணம் செய்து, உள்ளூரில் சொட்டு மழையில்லாத காலத்தில் வந்து சேரும். ஆனால் க்ரூகர் அளவுக்குப் பழைய பதிவுகள் குவிந்த இடம் குறைவு.

இந்தப் பதிவுகளில் இல்லாதவர்கள் மனிதர்கள்.

2023-ல் ஓர் ஆய்வு வந்தது. லியானா ஜானெட் என்ற கனடியச் சூழலியலாளரின் குழு, க்ரூகர் வட்டாரத்தின் நீர்நிலைகளில் ஒலிபெருக்கியையும் கேமராவையும் ஒளித்துவைத்தது. தண்ணீர் குடிக்க வரும் விலங்குக்குச் சில நேரம் சிங்கத்தின் உறுமல், சில நேரம் துப்பாக்கிச் சத்தம், சில நேரம் சும்மா பேசிக்கொண்டிருக்கும் மனிதக் குரல் கேட்கும். சோங்கா, வட சோத்தோ, ஆப்பிரிக்கான்ஸ், ஆங்கிலம் என உள்ளூர் மொழிகளில் சாதாரணப் பேச்சு. சிங்கத்தைக் கேட்டு ஓடுவதைவிட இரண்டு மடங்கு அதிகமாக விலங்குகள் மனிதக் குரலைக் கேட்டு ஓடின. யானைகூட, காண்டாமிருகம்கூட. சிங்க உறுமலுக்கு ஒரு யானை எதிர்த்து வந்து கருவியையே உடைத்துப் போட்டது. மனிதப் பேச்சுக்கு யானைகள் குடும்பத்தோடு நழுவின. மனிதரை வெளியே வைத்த பாதுகாக்கப்பட்ட பகுதி என்று நாம் நினைக்கும் இடத்தில்தான் இது.

யாரை வெளியே வைத்தார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பூங்கா 1926-ல் சட்டப்படி உருவானபோதும் அதற்கு முன்னும் பின்னும் அங்கே வாழ்ந்த மக்கள் பல முறை அப்புறப்படுத்தப்பட்டார்கள். வடகோடியில், லிம்போபோ ஆறும் லுவுவ்ஹு ஆறும் சேரும் பாஃபுரியில் வாழ்ந்த மகுலேகே மக்களை 1969-ல் நிறவெறி அரசு துப்பாக்கி முனையில் வெளியேற்றியது. தங்கள் வீடுகளுக்குத் தாங்களே தீ வைக்க வேண்டியிருந்தது என்கிறார்கள் அவர்கள். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு வழக்கு நடத்தி 1998-ல் ஏறக்குறைய 24,000 ஹெக்டேர் நிலத்தின் உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே குடியேறவில்லை, காடாகவே விட ஒப்புக்கொண்டார்கள். விடுதிகள் கட்டும் குத்தகைப் பணம் அவர்களுக்குப் போகிறது. வனவழிகாட்டிகளுக்கான பயிற்சி முகாமும் அந்த நிலத்தில் நடக்கிறது.

சில பள்ளிகள் மாணவர்களைப் பூங்காவுக்கு வெளியே, வெண்டா மொழி பேசும் ஹாமாகுயா போன்ற கிராமங்களில் தங்கவைக்கின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் யானையை எண்ணியவர்கள், இந்தப் பக்கம் அது சோளக்கொல்லையில் என்ன செய்துவிட்டுப் போனது என்று கேட்கிறார்கள். காட்டெருமை கோமாரியைச் சுமப்பதால் பூங்காவை ஒட்டிய ஊர்களின் மாடுகளுக்கு நோய்க்கட்டுப்பாடு உண்டு. அங்கே வளர்த்த மாட்டை நினைத்த சந்தைக்கு ஓட்டிப்போக முடியாது. மறுபுறம், காட்டெருமைகளைத் தாக்கிச் சிங்கம் வரை பரவிய காசநோய், மாடுகளிடமிருந்துதான் பூங்காவுக்குள் போனது.

மகுலேகே வழக்கு வென்றதைப் பார்த்து க்ரூகரின் மற்ற பகுதிகளுக்கும் உரிமை கோரி மனுக்கள் வந்தன. 2008-ல் தென்னாப்பிரிக்க அமைச்சரவை, க்ரூகருக்குள் இனி நிலத்தைத் திருப்பித் தருவதில்லை, வேறு வகை ஈடு மட்டுமே என்று முடிவெடுத்தது. அந்த முடிவில் நியாயம் இருக்கிறதா என்பது இன்றும் தீராத சண்டை. டாலரில் கட்டணம் கட்டிக் கடல் கடந்து வரும் மாணவருக்கும், வேலிக்கு வெளியே பிறந்து இதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கும் இந்தச் சண்டை ஒரே மாதிரி படாது. அதனால்தான் இருவரும் ஒரே வகுப்பில் இருப்பது முக்கியம் என்கிறேன். புல்லின் உயரத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது பாடத்திட்டம் இந்த வழக்குக்கும் கொடுக்கலாம். ஒரு சில நாள் கிராமத் தங்கல் அதற்குப் போதாது.